ஓட்டு இல்லாத உறுப்பினர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வாடகை ஷெட்டில் நானும் என் கணவரும் பெண்களுக்கான சட்டைகள் தைத்து ஏற்றுமதி செய்கிறோம். எங்களிடம் வாங்கும் கம்பெனியின் பெயரை இங்கே சொன்னால் யாருக்கும் தெரியாது. ஐரோப்பாவில் பெரிய ரயில் நிலையம் எதில் இறங்கினாலும் அவர்கள் கடை இருக்குமாம். அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒரு கடையையும் பார்த்ததில்லை. நாங்கள் தைத்த சட்டையை உடுத்திக்கொண்டு ஒருத்தி நடந்து போவதையும் பார்த்ததில்லை.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அம்மா ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் டெய்லர். அங்கே பாக்கெட் கால் அங்குலம் நகர்ந்தாலும் துணி திரும்பி வரும். ஆனால் ஏன் திரும்பியது என்று சொல்ல ஆள் இருக்கும். அது சரியில்லை என்று எதிர்த்துக் கேட்க யூனியனும் இருக்கும். நான் படிப்பை முடித்து ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். அங்கே மெஷின் மெக்கானிக்காக இருந்தவரையே கட்டிக்கொண்டேன். இருவருமாக வெளியே வந்து பழைய மெஷின்களை வாங்கிப் போட்டுத் தொடங்கியதுதான் இந்த ஷெட். இதைப் பெருமையாகவே சொல்லலாம். நான் சொல்ல வந்தது வேறு.

ஒருநாள் பெங்களூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அந்தக் கம்பெனியின் இந்திய அலுவலகத்தில் சுற்றுச்சூழல் சம்பந்தமான வேலைகளைப் பார்ப்பவள். ஈரோட்டுப் பக்கம் சொந்த ஊர், தமிழில்தான் பேசுவாள். அதுவரை அவளை ஆடிட் சமயத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தீயணைக்கும் சிலிண்டரில் தேதி முடிந்துவிட்டதா, கழிவுத் துணி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே போவாள். மரியாதையான பெண். தவறு கண்டால் அவளுக்கே சங்கடமாக இருக்கும்.

"மேடம், ஒரு நல்ல சேதிங்க. ஹெட் ஆபீஸ்ல சப்ளையர் கவுன்சில்னு ஒண்ணு ஆரம்பிக்கறாங்க. சுற்றுச்சூழல் விதியெல்லாம் இனிமே சப்ளையர்களைக் கலந்துக்கிட்டுத்தான் எழுதப் போறாங்களாம். இந்தியாவுக்கு உங்க பேரச் சொல்லியிருக்கேன்."

"என் பேரையா? திருப்பூர்ல எவ்வளவு பெரிய ஆளுங்க இருக்காங்க."

"சின்ன யூனிட் ஒண்ணு வேணும்னாங்க. லேடியா இருந்தா இன்னும் நல்லதுன்னாங்க. இத்தனை நாளா நாங்களே பேசிட்டு இருந்தோம் மேடம். இனி நீங்க பேசுங்க."

போனை வைத்தேன். எங்களைச் சோதிக்க வருகிறவர்கள் மாதத்துக்கு ஒருவர் உண்டு. எங்களிடம் கருத்துக் கேட்க வந்தவர் அதுவரை ஒருவரும் இல்லை. கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு ஓவர்லாக் மெஷினைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நம்மளைக் கேக்கறதுக்குக் கூப்பிடறாங்களா, நம்மளைக் கேட்டுக்கச் சொல்றதுக்குக் கூப்பிடறாங்களா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எதிலும் நல்லதைப் பார்க்கத் தெரியாத மனுஷன் என்று திட்டினேன்.

எஸ்டேட்டில் சேதி பரவ ஒரு டீ நேரம் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஷெட்டில் ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது. எல்லாரும் எங்களைப் போன்ற சிறு யூனிட்காரர்கள்: எம்பிராய்டரி போடுகிறவர், காஜா பட்டன் அடிப்பவர், பேக்கிங் எடுத்துச் செய்பவர். பக்கத்துப் பாடியிலிருந்து வாஷிங் யூனிட் அண்ணன் ஒரு பை நிறைய பஜ்ஜியோடு வந்தார். தைத்த சட்டைகளைத் துவைத்து மென்மையாக்கிக் கொடுப்பது அவர் வேலை. நாங்கள் ஷெட் போட்ட முதல் மாதத்திலிருந்து எங்கள் துணி அவரிடம்தான் போகும். பாடியிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னை எப்போதும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். என் மகளின் கல்யாணத்தில் பந்தியைக் கவனித்துக்கொண்டவர்.

"இன்னா தங்கச்சி, ஃபாரின்காரன் உன்ன இட்டுக்கினு போயி பேசச் சொல்றானாமே? நம்ம எஸ்டேட்டு கத மொத்தத்தையும் அவுத்து உட்டுட்டு வா."

ஆளுக்கொன்று சொன்னார்கள். எம்பிராய்டரிக்காரர், "டிசைன கடசி வாரம் வரைக்கும் மாத்திக்கினே இருக்கான், ஷிப்மெண்ட் தேதிய மட்டும் மாத்த மாட்டேன்றான். நாம நைட்டு ஓ.டி. போட்டு முடிச்சா, இன்னாத்துக்கு ஓ.டி. போட்டேன்னு அவன் ஆளே வந்து ஆடிட்ல எழுதறான். அத்த கேளு" என்றார். இன்னொருவருக்குக் கூரை மேல் சோலார் போடச் சொல்லி நெருக்கடி. "வாடக ஷெட்டுமா. ஓனரு செவுத்துல ஆணி அடிக்கவே உட மாட்டான். கூரை மேல பேனல் போட உடுவானா? ஓனருகிட்ட இவன் வந்து பேசட்டும்."

வாஷிங் அண்ணன் கடைசியில்தான் பேசினார். அவர் பாய்லர் விறகில் ஓடுவது.

"வெறகு வாணான்றாங்க. நியாயந்தான். அந்தப் பொகைய தெனம் துன்றவன் நான்தான், அவன் இல்ல. மாத்திடலாம். டைம் குடுக்கச் சொல்லு. புது பாய்லரு வாங்க அவனும் ஒரு பங்கு போடணும்னு சொல்லு. இத்தினி வருசம் அவன் துணியத்தான தொவைச்சேன்? அவ்ளோதான் தங்கச்சி. வேற ஒண்ணும் வாணாம்."

அவர்கள் சொன்னதில் ஒன்றுகூட அதிகப்படி இல்லை. எதையும் மறுக்கச் சொல்லவில்லை. நேரமும் பங்கும்தான் கேட்டார்கள். அத்தனையையும் மனதில் போட்டுக்கொண்டேன். தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். சரக்கு வாங்கும் பையர்களோடு பேசிப் பேசி வந்த இங்கிலீஷ் என்னுடையது. ஒரு வாரம் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

கவுன்சில் கூட்டம் கம்ப்யூட்டரில்தான். அவர்களுக்கு மதியம், நமக்குச் சாயங்காலம். தையல் லைன் ஓடும் சத்தம் உள்ளே வராமல் இருக்க ஆபீஸ் அறைக் கதவின் அடியில் துணி வைத்து அடைத்தேன். திரையில் ஒரு பக்கம் கம்பெனிக்காரர்கள். தலைவர் நரைத்த தாடிக்காரர், சிரித்த முகம். மறுபக்கம் நாங்கள்: துருக்கியிலிருந்து ஒருவர், பங்களாதேஷிலிருந்து ஒருவர், வியட்நாமிலிருந்து ஒரு பெண், நான். இன்னும் யாரோ இருந்தார்கள், முகம் நினைவில்லை. தாடிக்காரர் பேச்சைத் தொடங்கியபோது, நாங்கள் சொல்லித்தர வரவில்லை, கற்றுக்கொள்ள வந்திருக்கிறோம் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய்யில்லை, அப்படித்தான் இருந்தது.

என் முறை வந்தது. ஓ.டி. விஷயத்தைச் சொன்னேன். மிக முக்கியமான கருத்து என்றார். கூரை விஷயத்தைச் சொன்னேன். அதுவும் மிக முக்கியமான கருத்து. விறகு பாய்லரைப் பற்றி விளக்கமாகவே சொன்னேன். மாற்றத் தயாராக இருக்கிறோம், தனியாகச் செய்யச் சக்தியில்லை, நீங்களும் தோள் கொடுங்கள் என்றேன். கண்ணை மூடித் தலையாட்டினார். நன்றி, இது என்னை யோசிக்க வைக்கிறது என்றார்.

அப்போது திரையின் ஓரத்தில் எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்து விழுந்தது. பங்களாதேஷ்காரர் அனுப்பியது. "சகோதரி, நான் இப்படிக் கமிட்டி நிறையப் பார்த்துவிட்டேன். நன்றாகப் பேசினீர்கள். அவ்வளவுதான், இப்போது தண்ணீர் குடியுங்கள்."

கேலி செய்கிறார் என்று நினைத்துப் பதில் போடவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு போட்டோகிராபரை அனுப்பினார்கள். நான் மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும், கழுத்தில் டேப் போட்டுக்கொள்ள வேண்டும், சிரிக்க வேண்டும். நான் டேப்பைக் கழுத்தில் போடும் வழக்கமில்லை. அது கட்டிங் மாஸ்டருடையது. வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தபோது மழை பிடித்தது. புயல் கரையைக் கடக்காமல் கடலிலேயே நின்றுகொண்டு கொட்டியது. கொரட்டூர் ஏரி நிறைந்தது, அம்பத்தூர் ஏரி நிறைந்தது, எஸ்டேட் சாலையில் தண்ணீர் ஏறியது. எங்கள் ஷெட்டுக்குள் முதலில் ஈரமாகத் தெரிந்தது, பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். பேக் செய்து வைத்திருந்த அட்டைப்பெட்டிகளைக் கட்டிங் மேசை மேலும் செக்கிங் மேசை மேலும் ஏற்றினோம். மேசை போதாமல் என் கணவர் மெஷின்கள் மேல் பலகை போட்டு அடுக்கினார். ரயில் ஓடவில்லை. பட்டாபிராம், திருநின்றவூர் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் யாரும் வர முடியவில்லை. கொரட்டூரில் இருக்கும் எங்கள் லைன் சூப்பர்வைசர் மட்டும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்தே வந்துவிட்டாள். அவள் வீட்டுக்குள்ளும் தண்ணீர். பிள்ளைகளை மாடி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஊடு போனா போவுது, கய்வி உட்டா ஆச்சு. இது கறை பட்டா அல்லாரும் பேஜாராயிடுவோம்" என்று பெட்டி தூக்கினாள்.

பெட்டிகள் பெரும்பாலும் தப்பின. கரண்ட் வரவும், மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கவும், மிச்சச் சட்டைகளைத் தைத்து முடிக்கவும் நாளாகிவிட்டது. கப்பல் தேதி தவறியது. வெள்ளத்தின் படங்களை எடுத்து கம்பெனியில் எங்கள் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது. பத்திரமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம். சரக்கை விமானத்தில் அனுப்பவும். தாமதம் உங்கள் பக்கத்தில் நடந்ததால் விமானச் செலவு உங்களுடையது.

இரண்டாவது கவுன்சில் கூட்டம் அந்த வாரமே வந்தது. தரையெல்லாம் சேறு. நாற்காலியில் காலைத் தூக்கி மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். தாடிக்காரர் ஒரு வரைபடம் காட்டினார். இந்த உடைகளைச் செய்வதால் எவ்வளவு புகை காற்றில் கலக்கிறது, அது எப்படி வருஷா வருஷம் குறையப் போகிறது என்பதைக் காட்டும் ஒரு கோடு, சறுக்குமரம் மாதிரி அழகாக இறங்கியது. யாருக்காவது கேள்வி உண்டா என்றார்.

நான் மைக்கைத் திறந்தேன். "ஐயா, என் ஷெட்டுக்குள் வெள்ளம் வந்தது. அதனால் சட்டைகள் தாமதம். கப்பலில் போக வேண்டிய சட்டைகளை உங்கள் அலுவலகம் விமானத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறது. விமானம் விடும் புகை இந்தக் கோட்டில் எங்கே இருக்கிறது?"

 தாடிக்காரரின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. உங்கள் ஊர் மக்களை நினைத்து வருந்துகிறோம் என்றார். சரக்குப் போக்குவரத்தை வேறொரு குழு பார்க்கிறது, இன்றைய பேச்சுக்குள் அது வராது, குறித்து வைத்துக்கொள்கிறோம் என்றார்.

"சரி. இந்த விதிகளை எழுதி முடித்ததும் நாங்கள் ஓட்டுப் போடுவோமா?" என்று கேட்டேன்.

இந்தக் கவுன்சில் ஆலோசனைக்கானது என்றார். ஆலோசனை மிகவும் மதிக்கப்படும் என்றும் சொன்னார். துருக்கிக்காரர் காமிராவை அணைத்துவிட்டார்.

பெங்களூர்ப் பெண் கூட்டம் முடிந்ததுமே போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மேடம், நீங்க கேட்டது நியாயமான கேள்விங்க. ஆனா மீட்டிங் மினிட்ஸ்ல அதைப் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"நீயாவது சொல்லக்கூடாதாம்மா?"

"எனக்கும் அங்க ஓட்டு இல்லைங்க மேடம்."

சட்டைகளை ஏற்ற மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போகும் வண்டி வந்தது. எங்கள் சூப்பர்வைசர் கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "நாம ஒரு நாளு பிளேனாண்ட போனதில்ல. நம்ம சட்ட இன்னா ஜம்முனு ஏறிக்கினு போவுது பாருக்கா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது. அந்த சீசனில் நாங்கள் உழைத்ததெல்லாம் அந்த விமானத்தோடு போயிற்று.

பங்குனியில் விதிகள் வெளியாயின. கண்ணைப் பறிக்கும் புத்தகமாகவே போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு முழுப் பக்கத்தில் நான், இரவல் டேப்போடு, சிரித்துக்கொண்டு. கீழே, "எங்கள் சப்ளையர்களோடு சேர்ந்து உருவாக்கிய விதிகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விதிகளைப் படித்தேன். விறகு பாய்லரில் துவைத்த துணி அடுத்த சீசனிலிருந்து வாங்கப்படாது. அவகாசம் என்ற பேச்சே இல்லை. பங்கு என்ற பேச்சும் இல்லை. ஆர்டரைக் கடைசியில் மாற்றுவது பற்றி ஒரு வரி இல்லை. வெள்ளம் பற்றி ஒரு சொல் இல்லை. இன்னொன்று இருந்தது: துணி போகிற துணை யூனிட்டுகள் எல்லாம் விதிப்படி நடப்பதை அந்தந்த சப்ளையரே உறுதி செய்ய வேண்டும். அதாவது பாடி அண்ணனிடம் போய், இனி உங்களுக்குத் துணி கிடையாது என்று அந்தக் கம்பெனி சொல்லாது. நான் சொல்ல வேண்டும்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. பஸ் ஏறிப் போனேன். மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி, லாரிகளுக்கு நடுவே புகுந்து நடந்தால் அவர் யூனிட் வரும். வாசலில் சவுக்கு விறகு அடுக்கியிருந்தது. உள்ளே போனேன். அண்ணன் ஒரு சலவை டிரம்மின் பக்கத்தில் நின்று கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் ஆளை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார். தன் போனை எடுத்து என் முன் நீட்டினார். எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அந்தப் பக்கத்தைப் போட்டிருந்தார்கள்.

"போட்டோல சிரிச்சிக்கினு கீறியே தங்கச்சி."

"சிரிக்கச் சொன்னாங்கண்ணே."

"வெறகு வாணான்னு எய்துறப்போ நீ இன்னா சொன்னே?"

"டைம் கேட்டேன்ணே. பாய்லருக்கு அவங்களும் பங்கு போடணும்னு கேட்டேன். நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன்."

"அது இதுல எங்க கீது?"

"இல்லண்ணே."

போனைத் திருப்பி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நீ பேசலன்னு சொல்ல மாட்டேன். உன்ன எனக்குத் தெரியும். ஆனா நீ பேசுனது காணோம், நீ சிரிச்சது மட்டும் கீது. நாளைக்கு நான் போயி எவன்கிட்டயாச்சும் நாயம் கேட்டா, உங்க ஊரு அம்மாதான ஒத்துக்கினாங்கன்னு இத்த எடுத்துக் காட்டுவான். நான் இன்னா சொல்றது?"

 டீ வந்தது. குடிக்காமல் எழுந்தால் அவர் வருத்தப்படுவார் என்று குடித்தேன். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன், ஏதோ ஒன்று ஆறியிருக்கும். அவர் பஸ் நிறுத்தம்வரை வந்து என்னை ஏற்றிவிட்டுத்தான் போனார்.

என் படத்தை எடுத்துவிடச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். அச்சாகிவிட்டது, அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம் என்றார்கள். சரி, நான் கேட்டவற்றையாவது பக்கத்தில் போடுங்கள் என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஆடி மாதத்தில் தாடிக்காரரே சென்னைக்கு வந்தார். கிண்டிப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் தென்னிந்திய சப்ளையர்களுக்கெல்லாம் விழா மாதிரி ஒரு கூட்டம். என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். பேச வேண்டியதை அவர்களே இங்கிலீஷில் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார்கள். "இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டது" என்று தொடங்கியது. கணவர் படித்துவிட்டு, "நீ நல்லாத்தான் கத்துக்கிட்டே" என்றார்.

கூடத்துச் சுவரில் ஆளுயரப் படமாக நான் தொங்கிக்கொண்டிருந்தேன். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்ததும், பெங்களூர்ப் பெண்ணைக் கூப்பிட்டேன். நான் தமிழில் பேசுகிறேன், நீ இங்கிலீஷில் சொல்லும்மா என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. ஆனாலும் வந்து நின்றாள்.

"அந்தப் படத்துல இருக்கறது நான்தான். என்னோட சேர்ந்து எழுதின விதின்னு போட்டிருக்கு. நான் எழுதல. நான் கேட்டது ஒண்ணுகூட அதுல இல்ல. விதியே வேணாம்னு நாங்க யாரும் சொல்லல. வெள்ளம் வந்தா தண்ணி எங்க ஷெட்டுக்குள்ளதான் வருது, உங்க ஆபீஸுக்குள்ள வரல. எங்களை விட இது யாருக்கு அவசரம்? ஆனா செலவெல்லாம் எங்க தலையில, முடிவெல்லாம் உங்க கையிலன்னா, அதுக்குப் பேரு சேர்ந்து எழுதறது இல்ல. எங்களுக்கு ஓட்டுக் குடுங்க. இல்லன்னா என் படத்தை எடுத்துடுங்க."

அவள் ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தாள். எதையும் மழுப்பவில்லை. தலைமையகத்துக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர்கள் சம்பளத்தில் வேலை பார்க்கும் பெண் அதைச் சொன்னாள். நான் பேசியதைவிட அதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

 ஆர்டரை நிறுத்துவார்கள், வெளியே போகச் சொல்வார்கள் என்று எல்லாவற்றுக்கும் மனதைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். நடந்ததற்கு மட்டும் தயாராக இல்லை. தாடிக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். அவரைப் பார்த்து அந்த வரிசை எழுந்தது, பிறகு கூடமே எழுந்து தட்டியது. மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி மனம் திறந்து பேசும் இடம் வேண்டும் என்றுதான் இந்தக் கவுன்சிலையே தொடங்கினோம் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதர் நடிக்கவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டுகிறவனோடு சண்டை போடலாம். கை தட்டுகிறவனை என்ன செய்வது?

அடுத்த வருஷப் புத்தகத்தில் பழைய படத்தை எடுத்துவிட்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அந்த இடத்தில் நான் மேடையில் மைக்கோடு கையை நீட்டிப் பேசும் படம். "எங்கள் சப்ளையர்களின் குரலை நாங்கள் கேட்கிறோம்" என்று கீழே போட்டிருந்தது. என்ன பேசினேன் என்று இல்லை. விதிகள் அப்படியேதான் இருந்தன.

ஆர்டர் குறைந்தது அதற்குப் பிறகுதான். நான் பேசியதால் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். சப்ளையர்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பெரிய இடங்களில் சேர்க்கிறோம், கண்காணிக்க வசதி என்றார்கள். எங்களுக்குக் கொசுறு மாதிரி கொஞ்சம் வந்தது. ஒரு லைனை மூடினோம். வெள்ளத்தில் நடந்து வந்த சூப்பர்வைசர் ஸ்ரீபெரும்புதூரில் போன் பாகம் கோக்கும் கம்பெனிக்குப் போய்விட்டாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் கொரட்டூர் வந்து ஏற்றிக்கொண்டு போகிறதாம். போகும்போது, "உன்மேல கோவமில்லக்கா" என்றாள். கோபம் இருக்கலாமோ என்று அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பெங்களூர்ப் பெண்ணும் அந்த வேலையில் இல்லை. தானாக விட்டாளா, விடச் சொன்னார்களா, நான் கேட்கவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறாள்.

பாடி அண்ணன் யூனிட்டை மூடினார். பாய்லரைக் காயலான் கடைக்காரர்கள் வந்து வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே இப்போது யாரோ தண்ணீர் கேன் வியாபாரம் வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு மிச்சமிருந்த கொஞ்ச சட்டைகளுக்கு வாஷிங் வேண்டுமே. கம்பெனி ஒப்புக்கொண்ட பெரிய வாஷிங் ஆலை ஒன்று பூந்தமல்லியைத் தாண்டி, நெடுஞ்சாலையில் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. கேஸ் பாய்லர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, எல்லாம் விதிப்படி. பாடிக்கு மூன்று சக்கர வண்டியில் போய் வந்த துணி இப்போது லாரியில் வானகரம் நெரிசலில் நின்று நின்று அங்கே போய்த் திரும்புகிறது. ஒரு தடவை நீலச் சட்டைகள் ஒன்றுக்கொன்று சாயம் வேறுபட்டு வந்தன. நேரில் பார்த்துப் பேசப் போனேன்.

ஷிஃப்ட் இன்சார்ஜைக் கூப்பிட்டார்கள். கம்பெனி பனியனும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து நின்றவர் பாடி அண்ணன். முகம் இளைத்திருந்தது. என் பக்கத்தில் ஆலை மேனேஜர் நின்றிருந்தார்.

"வாங்க மேடம். எந்த லாட்டு?" என்றார்.

சட்டைகளைக் காட்டினேன். இரண்டு மூன்று டிரம்மில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், ஒரே டிரம்மில் மறுபடி ஓட்டித் தருகிறேன் என்றார். மேனேஜர் போன் பேச நகர்ந்ததும், "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

"நல்லாத்தான் கீறேன். பொக இல்ல, சூடு இல்ல. ஞாயித்துக்கெயம லீவு. இது நல்ல ஆலைமா, தப்பு சொல்லக்கூடாது." சட்டையை மடித்தபடியே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது மாதிரி நானும் வெச்சிருப்பேன். கொஞ்சம் டைம் குடுத்திருந்தா."

மேனேஜர் திரும்பி வந்துவிட்டார்.

இப்போது வேறொரு வெளிநாட்டுக் கம்பெனிக்கும் நாங்கள் தைக்கிறோம். போன மாதம் அவர்கள் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் கூப்பிட்டார். அவர்களும் ஒரு குழு அமைக்கிறார்களாம். உங்கள் குரல் எங்களுக்கு மிக அவசியம் மேடம் என்றார். ஓட்டு உண்டா என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவர் இன்னும் சொல்லவில்லை.

இதை எஸ்டேட்காரர்களிடம் சொன்னேன். முன்பு பஜ்ஜி தின்ற கூட்டம் இப்போது பாதிதான் இருக்கிறது. ஓட்டு இல்லாத எந்தக் குழுவுக்கும் நம்மில் யாரும் போக வேண்டாம், படத்துக்கு நிற்க வேண்டாம், கேட்பதானால் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் கேட்போம் என்றேன். எல்லாரும் சரி என்றார்கள். எம்பிராய்டரிக்காரர் எனக்கு முன்னால் கையைத் தூக்கினார்.

சென்ற வாரம் அவர் யூனிட் வழியாக வந்தேன். வாசலில் ஒரு போட்டோகிராபர் விளக்குகளை இறக்கிவைத்துக்கொண்டிருந்தான். எம்பிராய்டரிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"கோச்சிக்காதமா. அந்தக் கமிட்டிக்கு நான் போவலன்னா வேற எவனாச்சும் போவான். ஆர்டரு அவனாண்ட போயிடும். நான் பேசறேன் பாரு, அல்லாத்தையும் பேசறேன்."

 அவர் யூனிட்டில் பெண்கள் நிறைய பேர் வேலை செய்கிறார்கள். நன்றாகப் பேசிவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.